ரண்டாந்தரம் கேக்காத சனம்

பேர் நிதுஷன். வயசு இருபத்தேழு. இருக்கிற இடம் டென்மார்க், ஓல்போர்க், ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கத் தெருவில மூண்டாம் மாடி அறை. ஆபிரிக்கா இல்லை. இதை முதல்லையே சொல்லிப்போட வேணும், ஏனெண்டா குடும்பத்தில அரைவாசிப்பேர் இண்டையோட பதினாறு நாளா அவன் தன்சானியாவில நிண்டு சனத்தின்ர உயிரைக் காப்பாத்திறான் எண்டு நினைச்சு செபமாலை சொல்லிக்கொண்டிருக்கினம். 'நான்' எண்டு தொடங்கினா மூண்டாம் வசனத்தில வெக்கம் வந்து ஃபோனை மூடிப்போடுவான். அதால 'அவன்' எண்டே போகட்டும். வாயால சொல்லுறதை ஃபோன் எழுதுது, அதுக்கு ஆர் எண்டாலும் ஒண்டுதான்.

அவன் வேலை செய்யிறது ஆஸ்பத்திரியின்ர நிலக்கீழ் அறையில. மேல டொக்டர்மார் வெட்டித் தைச்ச கத்தியள், கத்தரிக்கோல், கவ்வியள் எல்லாம் பெட்டி பெட்டியாக் கீழ வரும். அதுகளைக் கழுவி, எண்ணி, துணியில சுத்தி, நீராவி மெஷினுக்குள்ள அடுக்கிக் கிருமி இல்லாமல் ஆக்கி மேல அனுப்ப வேணும். இதை அம்மாவுக்கு அவன் "ஒப்பரேசன் பகுதியில வேலை" எண்டு சொன்னான். பொய் இல்லை. அம்மா ஊரில, பேசாலையில, சொல்லேக்கை அது "ஒப்பரேசன் செய்யிற வேலை" ஆகிச்சுது. அங்கயிருந்து ஃபோனில இஞ்ச கோல்டிங்கில இருக்கிற சொந்தக்காரரிட்டை வந்து சேரேக்கை அவன் டொக்டர். படிக்காமல், சோதினை எழுதாமல், ரண்டு ஃபோன் கோலில டொக்டரான ஒரே ஆள் அவனாத்தான் இருப்பான்.

அந்த நிலக்கீழில அஞ்சு புது மெஷின் நிக்குது. பட்டனை அமத்திப்போட்டுக் கோப்பி குடிக்கப் போகலாம். மூலையில ஒரு கிழட்டு மெஷினும் நிக்குது, அவசரத்துக்கு எண்டு வச்சிருக்கிறது. அதின்ர வால்வைக் கையால திருக வேணும், உள்ளுக்கிருக்கிற காத்து முழுக்க வெளியில போட்டுதோ எண்டு சத்தத்தைக் கேட்டுப் பிடிக்க வேணும். புதுசா வாற வெளிநாட்டுக்காரனுக்கு அந்த மெஷினைக் குடுக்கிறது அங்க ஒரு வழக்கம் மாதிரி. அவனுக்குப் பிறகு ஒருத்தரும் புதுசா வரேல்லை. நாலு வருசம் அவன் அதோட குடும்பம் நடத்தினான். கலியாணம் எப்ப எண்டு கேக்கிற ஆக்களுக்கு இதையே பதிலாச் சொல்லியிருக்கலாம்.

போன மாசி மாசம் அவன்ர பொறுப்பாளர் ஹென்றிக் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினவர். தன்சானியாவில, நாட்டுப்புறத்தில, ஒரு கிறிஸ்தவ மிஷன் ஆஸ்பத்திரி. இஞ்சத்தைய ஒரு சபை வருசா வருசம் அங்க தொண்டர்களை அனுப்புது. கடிதம் எழுதினது அங்கத்தைய டொக்டரம்மா. அவையிட்டையும் இதே சாதி மெஷின் ஒண்டு ரண்டு வருசமாச் சும்மா நிக்குதாம், ஓட்டத் தெரிஞ்ச ஆள் செத்துப்போனார். இப்ப ஒப்பரேசன் ஆயுதங்களைப் பானையில போட்டு அவிக்கினமாம். பிள்ளை எடுக்க வயித்தை வெட்டின தாய்மாரில பதினொரு பேருக்குப் போன வருசம் காயம் சீழ் பிடிச்சுதாம். கடைசியில ஒரு வரி எழுதியிருந்தவா: தயவுசெய்து இந்தமுறை பெயின்ட் அடிக்க ஆள் அனுப்ப வேண்டாம், எங்கட சுவரெல்லாம் அடிச்சு அடிச்சு மொத்திச்சுப் போச்சு, மெஷின் தெரிஞ்ச ஒரு ஆளை மூண்டு மாசத்துக்கு அனுப்புங்கோ.

அவன் அதை நாலு தரம் வாசிச்சான். பேர் தெரியாத ஒரு மனிசி, எங்கயோ இருந்து, அவன்ர வேலையைக் கடிதத்தில எழுதி 'இந்த ஆள் வேணும்' எண்டு கேக்கிறா. கத்தரிக்கோல் எண்ணுறவனை ஒருத்தரும் இப்பிடிக் கேட்டதில்லை. போக வேணும் எண்டு அவனுக்கு அப்பவே முடிவு. ஹென்றிக்கும் அவன்ர பேரைச் சபைக்குக் குடுத்திட்டார். இனி என்ன, ஒரு கூட்டத்துக்குப் போய்த் தலையைக் காட்டினாச் சரி.

அவன் செய்த முதல் பிழை, கூட்டத்துக்கு முதல் மேரிசெலின் சின்னம்மாவுக்குச் சொன்னது. சின்னம்மா கோல்டிங்கில முதியோர் இல்லத்தில வேலை, அம்மாவின்ர தங்கச்சி. அவன் ஃபோனை வச்சுச் சோறு போட்டுச் சாப்பிட முதல் நாட்டின்ர மற்ற அந்தத்தில, புரொண்பியில இருந்து ஒருத்தர் வாழ்த்துச் சொல்லி எடுத்தார். அவரை அவனுக்குத் தெரியாது.

கூட்டம் சபையின்ர வீட்டில. நடுவில மெழுகுதிரி, சுத்திவரக் கதிரை, ஒரு பாட்டு, பேந்து கோப்பி. பென்சன் எடுத்த நேர்ஸ்மார் மூண்டு பேர், பள்ளிக்கூடம் முடிச்ச ஃப்ரையா எண்டு பத்தொன்பது வயசுப் பிள்ளை, நிதுஷன். பொறுப்பா நடத்தினது கிர்ஸ்டன் எண்டு ஒரு அன்பான மனிசி, கதைக்கேக்கை தலையைச் சரிச்சுச் சரிச்சுக் கேப்பா. முதல் கேள்வி, இந்தப் பயணத்தில உங்களுக்குள்ள நீங்கள் எதைக் கண்டுபிடிக்க விரும்பிறியள் எண்டு. ஃப்ரையா தான் ஆரெண்டு தேடிக் கண்டுபிடிக்கப் போறன் எண்டாள். எல்லாரும் தலையாட்டிச்சினம். நிதுஷனுக்கு அதில சிக்கல் வந்திட்டுது. அவன் ஆரெண்டு அவன்ர மஞ்சள் சுகாதார அட்டையில தெளிவா எழுதியிருக்கு, அதைத் தேட ஏன் தன்சானியா மட்டும் போவான்? அங்க ஒரு மெஷின் நிக்குது, எனக்கு அந்த மெஷின் தெரியும் எண்டான். கிர்ஸ்டன் கொஞ்சம் பாத்துக்கொண்டிருந்தா, இன்னும் ஏதோ வரும் எண்ட மாதிரி. ஒண்டும் வரேல்லை.

இடையில கேக் வந்துது. வேணுமோ எண்டு கேட்டினம். வேண்டாம் எண்டான். கேக் அப்பிடியே மற்றப் பக்கம் போச்சுது. வேலையால நேர வந்தவன், மத்தியானம் சாப்பிடேல்லை. அந்தக் கேக் போன போக்கிலயாவது அவனுக்கு விளங்கியிருக்க வேணும்.

பேந்து கிர்ஸ்டன் அவன்ர பக்கம் திரும்பி, "நிதுஷன், நீ போக விரும்புறியா?" எண்டு கேட்டா.

இதுதான் இடம். வாயைத் திறந்து ஓம் எண்டு சொன்னாச் சரி. அவன் சொன்னான்:

"இல்லை, இல்லை. என்னைவிடத் தெரிஞ்ச ஆக்கள் இருப்பினம். அவை போகட்டும்."

எங்கட ஆக்களுக்கு இதுக்கு அர்த்தம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வீட்டை போனா, தேத்தண்ணி குடிக்கிறியளோ எண்டு கேட்டா ஆர் உடன ஓம் எண்டுறது? முதல் தரம், வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வாறம். ரண்டாந்தரம், ஏன் உங்களுக்குச் சும்மா கரைச்சல். மூண்டாந்தரம், சரி, அரைக் கப். அரைக் கப் எண்டா முழுக் கப்பும் ஒரு தட்டுப் பலகாரமும். முதல் தரமே ஓம் எண்டுறவனைப் பற்றி அந்த வீட்டில ஒரு மாசம் கதைப்பினம்.

கிர்ஸ்டன் அவன்ர கையைப் பிடிச்சு, "நேர்மையாச் சொன்னதுக்கு நன்றி" எண்டா. கண்ணும் கலங்கின மாதிரி இருந்துது. குனிஞ்சு பேப்பரில ஒரு கோடு இழுத்தா. அவ்வளவுதான்.

பஸ்ஸில வரேக்கையும் அவனுக்குப் பயம் இல்லை. நாளைக்கு எடுத்துக் கேப்பினம். நாளைக்கு இல்லாட்டி திங்கட்கிழமை. ஃபோனைக் குளிக்கிற அறைக்குள்ளயும் கொண்டுபோனான். ஒரு கிழமை போச்சுது. டென்மார்க்கில ஆறு வருசம் இருக்கிறான், வரி கட்டுறான், குப்பையை ஏழு விதமாப் பிரிச்சுப் போடுறான், ஆனா இந்தச் சனம் ரண்டாந்தரம் கேக்காது எண்டது மட்டும் அவன்ர மண்டைக்குள்ள போகேல்லை.

இதுக்கிடையில கோல்டிங்கில வழியனுப்பு வச்சினம். பூசைக்குப் பிறகு மண்டபத்தில நாப்பது பேர், புட்டு, கோழிக்கறி, கேக், அதில 'டொக்டர் நிதுஷன்' எண்டு சிவப்பு ஐசிங். சின்னம்மாவின்ர மனிசன் லோரன்ஸ் சித்தப்பா மைக்கைப் பிடிச்சு, வெள்ளைக்காரருக்கு வைத்தியம் செய்து களைச்சுப்போன எங்கட பிள்ளை இப்ப ஏழையளிட்டைப் போறார் எண்டு தொடங்கி, பத்து நிமிசம் விடேல்லை. நிதுஷன் எழும்பி, நான் டொக்டர் இல்லை, ஆயுதம் கழுவுற ஆள் எண்டான். சனம் கைதட்டிச்சு. எவ்வளவு தாழ்மையான பிள்ளை பாருங்கோ எண்டு ஒரு அன்ரி கண்ணைத் துடைச்சா. ரண்டாந்தரம் சொன்னான், இன்னும் பலமாக் கைதட்டிச்சினம். மூண்டாந்தரம் சொன்னா மாலை போட்டிருப்பினம், அவன் இருந்திட்டான். டேனிஷ்காரரிட்டைப் பணிவுக்குச் சொன்னது உண்மையாப் போச்சு, எங்கட சனத்திட்டை உண்மையைச் சொன்னது பணிவாப் போச்சு.

போகேக்கை ஆளுக்கொரு பை தந்தினம். பழைய மூக்குக்கண்ணாடி, அரைவாசி முடிஞ்ச குளிசை அட்டையள், பட்டுச்சீலை ரண்டு. அந்த ஊரில பட்டுச்சீலை உடுத்திக்கொண்டு ஆர் கிணத்தடிக்குப் போறது எண்டு அவன் கேக்கேல்லை. கேட்டா அதையும் தாழ்மைக்குள்ள சேப்பினம்.

அடுத்த நாள் சபையின்ர கடிதம் வந்துது. ஃப்ரையா போறாளாம், மெஷின் பழக எண்டு பயணத்தைக் கொஞ்ச நாள் தள்ளி வச்சிருக்கினமாம். அவளுக்கு இந்த மெஷினைப் பழக்கிவிட நிதுஷனுக்கு விருப்பமா எண்டு கேட்டிருந்துது. அதுக்கு மட்டும் அவன் உடன ஓம் எண்டு எழுதினான். ஏன் எண்டு இண்டைக்கும் அவனுக்கு விளங்கேல்லை.

சின்னம்மாவுக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம். நாலு தரம் நம்பரை அமத்தினான். ஒவ்வொரு தரமும் அந்தச் சிவப்பு ஐசிங் கண்ணுக்கு முன்னால வந்துது. பதினாலாம் திகதி, அவன் வெளிக்கிடுறதாச் சொன்ன நாள், வந்துது. அம்மா பேசாலையில மெழுகுதிரி கொளுத்தினா. அவன் காலமை ஏழு மணிக்கு வேலைக்குப் போனான்.

அண்டையில இருந்து அவன் ஆபிரிக்காவில. பின்னேரத்தில தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு கடைக்குப் போவான், பஸ்ஸில கடைசிச் சீற்றில குனிஞ்சு இருப்பான். அம்மா வீடியோவில எடுத்தா நிலக்கீழில மெஷினுக்குப் பக்கத்தில நிண்டு கதைப்பான். அந்த நீராவி வெக்கையில முகமெல்லாம் வேர்த்து ஒழுகும்.

"அங்க நல்ல வெக்கையோ ராசா?"

"ஓம் அம்மா."

"பின்னால வெள்ளைக்காரரும் நிக்கினம் போல?"

"ஓம், கொஞ்சப் பேர் நிக்கினம்."

ஒரு சொல்லுப் பொய் இல்லை. அதுதான் அவன்ர கெட்டித்தனம். ஃபோனை வச்ச பிறகு கழுவுற தொட்டியடியில போய் முகத்தைக் கழுவுவான்.

நாலாம் நாள் பிடிபட்டான். கடையில பால் எடுக்கிற இடத்தில. பிடிச்சது சின்னம்மாவின்ர மகள் யூலியானா, ஓல்போர்க்கில படிக்கிறவள், இஞ்ச பிறந்தவள், தமிழில கேட்டா டேனிஷில பதில் சொல்லுறவள். அவனை மேலையும் கீழையும் பாத்தாள். பேந்து கையில இருந்த மினிமெல்க் எண்ட டேனிஷ் பால் பெட்டியைப் பாத்தாள்.

"தன்சானியாவிலயும் மினிமெல்க் விக்குதோ, அண்ணா?" எண்டு தமிழிலயே கேட்டாள். நக்கலுக்கு மட்டும் அவளுக்குத் தமிழ் நல்லா வரும்.

அவன் பால் பெட்டியோட நிண்டு எல்லாத்தையும் சொன்னான். அவளுக்கு முதல்ல சிரிப்பு, பேந்து கோவம். நீ இல்லை எண்டாய், அவை நம்பினவை, அவையில என்ன பிழை எண்டு டேனிஷில பொரிஞ்சாள். ஒருத்தரும் நம்பக்கூடாத ஒண்டை ஏன் வாயால சொல்லுறியள்? இப்பவே கிர்ஸ்டனுக்கு எடுத்து, நான் போக வேணும் எண்டு சொல்லு. அவை கேக்காமல் எப்பிடிச் சொல்லுறது எண்டான் அவன். அவள் நெத்தியில அடிச்சுக்கொண்டு போயிட்டாள். ஆனா வீட்டில சொல்லேல்லை, அது அவளின்ர நல்ல மனம்.

ஃப்ரையா எட்டுப் பின்னேரம் பழக வந்தாள். நல்ல பிள்ளை, அதைச் சொல்லத்தான் வேணும். அவன் சொன்ன ஒவ்வொண்டையும் கொப்பியில எழுதினாள், வால்வைக் கீறி நிறம் தீட்டினாள், நன்றி நன்றி எண்டாள். எழுத ஏலாதது ஒண்டுதான், சத்தம். காத்து போகேக்கை அந்தக் குழாய் துப்பித் துப்பி இருமும். காத்து முடிஞ்சு வெறும் நீராவி வரேக்கை இருமல் நிண்டு ஒரே சீராச் சீறும். அப்பதான் வால்வை மூட வேணும். எத்தினை நிமிசம் எண்டு அவள் கேட்டாள். அது நாளுக்கு நாள் மாறும் எண்டான். சராசரியா எண்டாள். பன்னிரண்டு எண்டு சொல்லிப்போட்டான், அதுவும் ஒரு பணிவுதான். அவள் பன்னிரண்டு எண்டு எழுதிக் கீழ ரண்டு கோடு இழுத்தாள்.

நேற்றுக் கடைசி நாள். கிர்ஸ்டன் பூச்செண்டோட வந்திருந்தா. ஃப்ரையா தனிய மெஷினை ஓட்டினாள். பன்னிரண்டாம் நிமிசம் வால்வை மூடினாள். குழாய் இன்னும் இருமிக்கொண்டுதான் இருந்துது. அவன் வாய் திறக்கேல்லை, அது அவளின்ர சோதினை. முடிஞ்சு கதவைத் திறந்து பொதியை எடுத்தா, உள்ளுக்கு வச்ச தாளில கோடு கறுத்திருக்க வேணும். கறுக்கேல்லை. வெளிறின கோடு அப்பிடியே கிடந்துது. காத்து தங்கின இடத்தில கிருமி சாகேல்லை எண்டு அர்த்தம்.

ஃப்ரையாவின்ர முகம் செத்துப்போச்சு. கிர்ஸ்டன் அவளின்ர தோளைத் தடவி, பரவாயில்லை, அங்க போய்ப் பழகலாம் எண்டா.

"அங்க ஆரில பழகிறது?"

கேட்டது தான்தான் எண்டு அவனுக்கே கொஞ்சம் பிந்தித்தான் தெரிஞ்சுது. அந்தப் பதினொரு தாய்மார் மண்டைக்குள்ள வந்து நிண்டினம், வெக்கத்துக்கு அங்க இடம் இல்லாமல் போச்சு. "நான் போக வேணும்" எண்டான். "எனக்கு விருப்பம். முதல் நாளே விருப்பம்."

கிர்ஸ்டன் தலையைச் சரிச்சா. "ஆனா நீ இல்லை எண்டாய். நான் எழுதி வச்சிருக்கிறன்."

"நீங்கள் திருப்பிக் கேப்பியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"நீ இல்லை எண்டு சொன்ன பிறகு திருப்பிக் கேட்டா, அது உன்ர சொல்லை மதிக்காத மாதிரியெல்லோ."

"எங்கட ஆக்களுக்குக் கேக்காமல் விட்டாத்தான் மதிக்காத மாதிரி."

கிர்ஸ்டன் பூச்செண்டைப் பிடிச்சபடி நிண்டா. இருக்கிறது ஒரு இடம்தான், அதைத் தான் பறிக்க ஏலாது எண்டா. அவன் ஃப்ரையாவைப் பாத்து, இடத்தை எனக்கு விடுவியோ எண்டு கேட்டான். "நை" எண்டாள் ஃப்ரையா. நிலக்கீழ் முழுக்கக் கேக்கிற, நேரான டேனிஷ் 'இல்லை' அது. கிர்ஸ்டனுக்கு விசயம் முடிஞ்சுது, மேல்சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டா.

நிதுஷன் ரண்டாந்தரம் கேட்டான். கிர்ஸ்டனின்ர கழுத்து சிவந்துது. இந்த நாட்டில ஒருத்தர் இல்லை எண்ட பிறகு இன்னொருக்காக் கேக்கிறது, அவையின்ர வீட்டுக்குள்ள சப்பாத்தோட போற மாதிரி. ஃப்ரையாவும் கோவமா, நான் சொன்னது கேக்கேல்லையோ எண்டாள். கேட்டுது எண்டான். கையைப் பின்னால கட்டிக்கொண்டான். பேந்து மூண்டாந்தரம் கேட்டான்.

ஃப்ரையா அந்த வெளிறின தாளைத் திருப்பித் திருப்பிப் பாத்தாள். புது மெஷின் ஒண்டு வேலை முடிஞ்சுது எண்டு மணி அடிச்சுது, ஒருத்தரும் போகேல்லை.

"எனக்குப் போகத்தான் விருப்பம்," எண்டாள் கடைசியா. "ஆனா இது கறுக்கேல்லை. நீ போ."

தாளை அவன்ர கையில வச்சிட்டு உடுப்பு மாத்துற அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்தினாள். அழுகிறாள் எண்டு வெளியில கேட்டுது. அவன் வெண்ட மாதிரி நிக்கேல்லை. ஒரு பிள்ளையின்ரையைப் பறிச்ச கள்ளன் மாதிரித்தான் நிண்டான். கிர்ஸ்டன் கதவுக்கு வெளியில நிண்டு, இலையுதிர் காலத்தில உன்னை அனுப்புறம், அங்க பிள்ளையளின்ர பகுதிச் சுவருக்குப் பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கு எண்டு ஆறுதல் சொன்னா.

ரிக்கெற்றில பேர் மாத்தியாச்சு. செவ்வாய்க்கிழமை பின்னேரம் பறக்கிறான், இந்தமுறை உண்மையா. கோல்டிங்கில தந்த குளிசையளைக் கொண்டுபோக விடமாட்டினம், திகதி முடிஞ்சதுகள். கண்ணாடியளைக் கொண்டுபோறான்.

அங்க போய்ச் சேர்ந்தாப் பிறகு அம்மாவோட கதைக்கேக்கை, பதினாறு நாள் சொன்ன கதைக்கு மேல இன்னும் கதை கட்ட அவனால ஏலாது. நேர சொல்லவும் வாய் வராது. அதால ஊரில இதை வாசிக்கிற சொந்தக்காரர் ஆர் எண்டாலும், செவ்வாய்க்கிழமைக்கு முதல் பேசாலையில அம்மாவின்ர வீட்டை போய், பக்கத்தில இருந்து, இதை ஒரு வரியும் விடாமல் வாசிச்சுக் காட்டுங்கோ.